மூடித் திறக்கும் கதை – 9: பிசிறில்லாத மூடி

கோலி சோடாவைப் போன வாரத்தோடு முடித்தாயிற்று. கண்ணாடிக் குண்டு, ரப்பர் வளையம், 1872-இல் அந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் காட் எல்லாம் நினைவிருக்கும். மறுபடி சொல்ல இடமில்லை. இந்த வாரம் அலுமினியத் தாள் மூடி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவே ஒரு மீன் டப்பா கைக்கு வந்தது. அதன் மூடியைப் பார்த்த பிறகு வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

அயிரை மீன் குழம்பிலிருந்து தொடங்குகிறேன். மதுரையிலிருந்து வெளியூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா ஊறுகாய் கட்டிக் கொடுப்பாள், பருப்புப் பொடி திரித்துக் கொடுப்பாள், முறுக்குச் சுட்டுக் கொடுப்பாள். அயிரை மீன் குழம்பை மட்டும் கொடுத்தனுப்ப வழியில்லை. சென்னை பஸ் வரைக்கும் தாங்கும், துபாய்க்குத் தாங்காது. டின்னில் அடைக்கலாமே என்றால், புளியும் மீனும் சேர்ந்த இந்தக் குழம்பு தகரத்துக்கு இரட்டைப் பகை.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், டின்னின் உள்பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே போய் உலோகத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பி டப்பா உப்பும். மீன் கெடுக்கிற விதம் வேறு. மூடிய டப்பாவை ரிடார்ட் என்ற அழுத்தக் கொதிகலனில் வைத்து 121 டிகிரி வரை சூடாக்கினால்தான் குழம்பு மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அந்தச் சூட்டில் மீனின் புரதத்திலிருந்து கந்தகச் சேர்மங்கள் பிரிந்து, தகரத்தோடும் இரும்போடும் கூடி, உள்சுவரில் கறுப்பாகப் படியும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று எத்தனை முறை சொன்னாலும், கறுத்த டப்பாவிலிருந்து குழம்பை யார் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள்?

இதற்கு விடை கொச்சியில் இருக்கிறது. அங்கே 1957-இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பல வகை மீன் குழம்புகளைத் தகரமே இல்லாத இரும்பு டப்பாவில் அடைத்துச் சோதித்திருக்கிறது. மைசூரில் செய்த டப்பா அது. இரும்புத் தகட்டின் மேல் தகரத்துக்குப் பதிலாக மிக மெல்லிய குரோமியப் பூச்சு; அதற்கு மேல் இரண்டு பக்கமும் பெட் பிளாஸ்டிக் படலம். இரும்பு 0.15 மில்லிமீட்டர், படலம் பக்கத்துக்கு 20 மைக்ரான், மொத்தம் 0.19 மில்லிமீட்டர். புளிக்கும் மீனுக்கும் இரும்பு முகம் காட்டுவதே இல்லை. கையால் இழுத்துத் திறக்கிற மூடியோடு வந்த டப்பா அது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மூடிதான்.

டப்பாவை அடைக்கக் கற்ற உலகம், திறக்கக் கற்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. பீட்டர் டுராண்ட் லண்டனில் டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1810-இல். டப்பா திறக்கும் கருவிக்கு முதல் காப்புரிமைகள் வந்தது 1850-களில். இடைப்பட்ட காலம் முழுக்க உளியும் சுத்தியலும்தான். நம் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் இன்றும் அந்தக் காலம் முடியவில்லை. பாயசத்துக்கு வந்த கண்டென்ஸ்டு மில்க் டின்னின் தலையில் கத்தி முனையை வைத்து, குழவியால் ஒரு தட்டு தட்டுவார் மாஸ்டர். கீழமாசி வீதியில் எண்ணெய் டின்னை ஆணியால் குத்துகிற ஓர் அண்ணாச்சியிடம், எதற்கு மூலைக்கொன்றாக இரண்டு ஓட்டை என்று கேட்டேன். “ஒண்ணு எண்ணெய் வர்றதுக்கு, ஒண்ணு காத்து போறதுக்கு. காத்து போகலேன்னா எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும் தம்பி” என்றார். பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கருவியே வேண்டாத மூடிக்கு அமெரிக்கா போக வேண்டும். அங்கே ஓஹையோ மாநிலத்தில் எர்மல் ஃப்ரேஸ் என்ற இயந்திரப் பட்டறை முதலாளி, 1959-இல் உல்லாசப் பயணம் போன இடத்தில் திறப்பானை மறந்துவிட்டு, கார் பம்பரில் வைத்து பீர் டப்பாவைத் திறந்தாராம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இழுத்துத் திறக்கும் மூடி என்பார்கள். 1962-இல் அது பிட்ஸ்பர்க்கில் விற்பனைக்கு வந்தது. வளையத்தை மூடியில் எப்படிப் பொருத்துவது? ரிவிட் அடிக்க ஓட்டை போட்டால் டப்பா ஒழுகும். எனவே ஓட்டையே இல்லை. மூடித் தகட்டின் நடுவைப் புடைக்க வைத்து, படிப்படியாகக் குறுக்கிச் சிறு குமிழாக்கி, அதில் வளையத்தை மாட்டி, குமிழின் தலையை நசுக்கிவிடுகிறார்கள். மூடியே தன் ரிவிட்டைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வீட்டில் ஒரு டப்பா மூடி கிடந்தால் உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு குழி தட்டுப்படும், துளை இருக்காது.

ரிவிட் பிடித்துக்கொள்ளத்தான், கிழிவது அதைச் சுற்றியுள்ள கீறல் கோட்டில். சாதாரண மூடியில் டை என்ற கூர்மையான அச்சை வைத்து அழுத்தி, தகட்டின் கனத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவருவார்கள். ரிடார்ட்டுக்குள் டப்பாவின் அழுத்தம் மூடியை வெளியே தள்ளும்போது அந்தக் கோடு விடக்கூடாது. பாட்டி ஒற்றை விரலால் வளையத்தைத் தூக்கும்போது, வளையத்தின் மூக்கு கோட்டில் இறங்கி ‘டப்’பென்று விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குக் கணக்குதான் இருக்கிறது.

கூர்மையான டை இறங்கும் இடத்தில் பூச்சு கிழிந்து வெறும் இரும்பு தெரியும். ரிடார்ட்டின் நீராவி பட்டதும் துரு ஏறும். அதனால் கோடு போட்டபின் அதன்மேல் மறுபடி அரக்குப் பூச்சு அடித்துக் காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தகட்டில் இப்படிக் கீறினால் படலம் ஒட்டியதற்கே பயனில்லை. இதற்கு 1990-களில் ஜப்பானிய உருக்காலைப் பொறியாளர்கள் கண்ட வழிதான் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கீறுவதையே விட்டுவிட்டார்கள். மேலும் கீழும் முனை மழுக்கிய பஞ்ச்சையும் டையையும் வைத்துத் தகட்டை அழுத்தி இழுத்தார்கள். சப்பாத்தி மாவு கட்டைக்கடியில் விரிவதுபோல இரும்பு கோட்டருகே மெலிந்தது. படலமும் அறுபடாமல் கூடவே மெலிந்தது. மறுபூச்சு தேவையில்லை, கூர் மழுங்கும் டையை அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். இரும்பு முறிந்து கிழியும். பிளாஸ்டிக் நீண்டு கிழியும். மூடியை இழுக்கும்போது இரும்பு விட்ட பிறகும் படலம் விடாமல் இழுபட்டு, விளிம்பில் முடிபோல் தொங்கும். லேத் பட்டறையில் இதைப் பிசிறு என்பார்கள். குழம்பில் விழுந்தால் முடி கிடக்கிறது என்றுதான் சாப்பிடுகிறவர் எழுந்துபோவார். பிசிறு வராமல் இருக்கப் படலம் இரும்பை விடாமல் பற்றியிருக்க வேண்டும், எல்லை மீறி நீளவும் கூடாது. இரும்புத் தகட்டைச் சூடாக்கிப் படலத்தை உருளையால் அழுத்தும்போது, இரும்பைத் தொடுகிற பக்கம் மட்டும் உருகி ஒட்டுகிறது. மேல்பக்கம் உருகாமல், ஆலையில் இழுத்து முறுக்கேற்றிய நிலையிலேயே நிற்கிறது. உடனே குளிரவைக்கிறார்கள். ஒரே படலம்தான்; கீழே பசை, மேலே கவசம். முறுக்கு அதிகமானால் ரிவிட் எழுப்பும்போது வெடிக்கும், குறைந்தால் பிசிறு தொங்கும்.

என் கைக்கு வந்த டப்பாவைத் திறந்து, விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ரிவிட்டுக்கு நேர் எதிரே, மூடி கடைசியாக விடுபடும் இடத்தில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளையாக ஓர் இழை. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

அயிரைக்கு இந்த டப்பா பொருந்தும் என்றே நினைக்கிறேன். முழுசாகச் சாப்பிடுகிற மீன்; ரிடார்ட் சூட்டில் முள் மெத்தென்று ஆகிவிடும். கொச்சியில் பாடம் தயாராக இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு மகளிர் குழு கேட்டுப்போனால், கண்மாய் மீன் கடல் தாண்டும்.

அலுமினியத் தாள் மூடிக்கு இந்த வாரம் இடமில்லாமல் போயிற்று. வளையமும் ரிவிட்டும் கீறல் கோடும் இல்லாமல், வெறும் ஒட்டும் வலிமையை வைத்தே திறக்கிற மூடி அது. அதோடு ரிடார்ட் பையையும் சேர்த்து அடுத்த வாரம்.