காட்டோரத்தில் எழுந்த காய்ச்சல்

ஜேர்மனியில் பாடசாலைப் பிள்ளைகள் காட்டு நடைக்குச் செல்லும்போது 'ட்செக்கே' பற்றி எச்சரிக்கப்படுவதைப் பெற்றோர் அறிவர். அது வேறொன்றுமன்று, நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் கண்ட உண்ணியே. பவாரியா, பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலங்களில் அது பரப்பும் மூளை அழற்சி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அந்நோயை உண்டாக்கும் வைரசின் நெருங்கிய உறவொன்று தென்னிந்தியாவில் உள்ளது. அதன் வரலாற்றை மாணவர்கள் அறிதல் நன்று.

1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து கிடந்தன. அயற்கிராமத்தவரும் கடுங்காய்ச்சலுற்றனர், சிலர் மாண்டனர். ஆபிரிக்காவின் மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதோ என ஐயுற்ற பூனா வைரசு ஆய்வு நிலையத்தார் அங்கு சென்று ஆராய்ந்தனர். அவர்கள் கண்டதோ உண்ணிகள் பரப்பும் புதியதொரு வைரசு.

புதியது என்பது நமக்குத்தான். காட்டின் எலி முதலிய சிற்றுயிர்களிடையே அது முன்பே அடங்கிக் கிடந்திருக்க வேண்டும். வெளிவந்தது எவ்வாறு? அங்கு பணியாற்றிய பொஷெல் என்னும் அறிஞர் 1969இல் இதனை விளக்கினார். மக்கள் பெருகக் காடு வெட்டப்பட்டு வயலாயிற்று. மாடுகள் காட்டோரத்தில் மேய்ந்தன. வளர்ந்த உண்ணிக்கு மாட்டின் குருதி பெருவிருந்து. உண்டு கொழுத்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மரம் வீழ்ந்து வெயில் புகுந்த இடங்களில் உண்ணிச்செடிப் புதர் மண்டியது. (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) அப்புதர் எலிக்கும் உண்ணிக்கும் ஒருங்கே உறைவிடமாயிற்று. இளம் உண்ணிகள் குரங்கைக் கடித்தன. விறகு பொறுக்க வந்தவரையும் கடித்தன. குரங்கு இறந்ததும் அதன் உடலை விட்டு உதிர்ந்த உண்ணிகள் அவ்விடத்திலேயே அடுத்தவருக்காகக் காத்திருந்தன.

நோய்க்குக் 'குரங்குக் காய்ச்சல்' என்று பெயர். குரங்கின் மீது பழி சுமத்தும் பெயர் இது. அதுவோ நம்மைப் போலவே நோயுற்று மடியும் உயிர். விறகு பொறுக்கிய ஏழையையும் நான் குறை கூறேன். ஆனால் பெல்த்தங்கடிப் பகுதியில் முந்திரித் தோட்டத்துக்கென அடர்காடு மொட்டையடிக்கப்பட்டதையும், 1982-83இல் அங்கு இந்நோய் பெருகியதையும் என்னென்பது? 1957இல் தொடங்கிய பாடம் அதற்குள் மறந்து போயிற்று.

2012-13இல் பந்திப்பூரிலும் தமிழ்நாட்டு நீலகிரியிலும் இறந்த குரங்குகளில் இவ்வைரசு காணப்பட்டது. கர்நாடகத்தில் நெடுங்காலம் போடப்பட்ட தடுப்பூசி போதிய பயன் தராமையால் 2022இல் நிறுத்தப்பட்டது. காட்டுக்குப் போவோர் உண்ணி விரட்டும் எண்ணெயைக் கைகால்களிற் பூசிக்கொண்டு செல்கின்றனர்.