மறைந்துவரும் இரானி ஓட்டல்கள்

பாண்டுப்பில் ரயிலேறி, நாம் இன்னும் வி.டி. என்றே சொல்லிவரும் சத்திரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இறங்கித் தோபி தலாவ் பக்கம் நடந்தால், 1904-இல் தோன்றிய கயானி ஓட்டலை இன்றும் காணலாம். அதன் அண்மையிலிருந்த பஸ்தானி ஓட்டல் 2004-இல் மூடப்பட்டது. வாடிக்கையாளர் செய்யலாகாதவற்றை வரிசையாகக் கூறி அங்கே தொங்கிய அறிவிப்புப் பலகையைக் கண்டே நிஸீம் எஸக்கியேல் 1972-இல் ஒரு கவிதை இயற்றினார். பலகை போயிற்று, கவிதை இருக்கிறது.

1950-களில் இந்நகரில் ஏறத்தாழ 350 இரானி ஓட்டல்கள் இருந்தன என்பர். இன்று எஞ்சியவை சில பத்துகளே. அவற்றின் தனித்தோற்றம் ஏன் நிலைக்கவில்லை?

முதற்கண், அத்தோற்றம் அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. பாரசீகத்தின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த ஜரதுஷ்டிர சமயத்தார் தெருமுனைக் கடைகளைப் பிடித்தனர்; முனைக்கடை ஆகாதென்று பிறர் ஒதுங்கியதால் அவை மலிவாகக் கிடைத்தன என்பது வழக்கு. இரு தெருக்களின் வெளிச்சமும் உள்ளே வந்தது. பளிங்கு மேசை ஒரு துடைப்பில் துப்புரவாகும். சுவர்க் கண்ணாடிகளால் கல்லாவில் அமர்ந்தவர் இருந்த இடத்திலிருந்தே எல்லா மேசைகளையும் கவனித்தார். வளைத்த மர நாற்காலியோ, வியன்னாவில் தோனே என்பார் 1859-இல் வகுத்த அமைப்பு. பகுதிகளாகக் கழற்றினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கிக் கப்பலேறும். சிக்கனமே அங்கு அலங்காரமாயிற்று!

சிற்றறை ஒன்றில் பலர் முறைவைத்து உறங்கிய நம் முன்னோருக்கு, ஒரு கோப்பைத் தேநீர் விலையில் ஊருக்குக் கடிதம் எழுத ஒரு மேசை கிடைத்தது. எழுந்து போ என்பாரில்லை. ஆனால் ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் அமர்பவரை வைத்து வாணிகம் நடத்த வேண்டுமாயின் வாடகை அற்பமாயிருத்தல் வேண்டும். பக்டி என்னும் முன்பண முறையும், 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அவ்வாறே காத்தன. பின்னர் நிலத்தின் விலை ஏறிற்று. வாழ்நாள் முழுதும் தேநீர் விற்றுச் சேர்க்கவியலாத தொகை, குடியுரிமையை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்தால் கிடைக்கலாயிற்று. படித்து வேறு தொழில் புகுந்த மக்கள் கல்லாவில் அமர விரும்பவுமில்லை. சில ஓட்டல்கள் மதுக்கூடங்களாயின. குடிப்போர் வெளிச்சத்தை விரும்பார் ஆதலின், சன்னல்களை அடைப்பதே அங்கு முதல் வேலை.

இரானியருக்கு மட்டுமன்று இவ்விதி. ஜஹாங்கீர் கலைக்கூடத்தினுள் 1964 முதல் இயங்கிய சமோவார் சிற்றுண்டிச்சாலையும், கலைக்கூடத்தார் இடத்தைத் திரும்பக் கேட்டமையால் 2015 மார்ச் 31-ஆம் நாளோடு மூடப்பட்டது. கூட்டம் குறைந்து மூடியதன்று. நம் மாட்டுங்காவில் 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி உணவகத்தின் வாழையிலைச் சாப்பாட்டிற்கும் இக்கணக்கு உண்டு: இலையிட்டு உண்பவருக்கு இடமும் வேண்டும், பரிமாற ஆளும் வேண்டும்.

2010-இல் இலண்டனில் டிஷூம் என்ற உணவகம் பழைய இரானி ஓட்டலின் கோலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்கிற்று. வளைமர நாற்காலி, கண்ணாடி, அறிவிப்புப் பலகை யாவும் அங்கு உள. ஒரு கோப்பைத் தேநீரோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வேலையாள்தான் இல்லை.