“பழைய இசிஜி இருக்கா?”

கே.கே. நகர் சிவன் பார்க்கில் காலை நடை முடித்து உட்காருகிறவர்களின் பேச்சு சர்க்கரை, பிரஷர் என்று சுற்றிவிட்டு இசிஜியில் வந்து நிற்கும். “நார்மல்னு போட்டிருக்கு சார்” என்பார் ஒருவர். தாளின் மூலையில் மெஷின் அடித்துக் கொடுத்த அந்த ஒரு சொல்லோடு படிப்பு முடிந்தது. கீழே ஓடும் கோட்டை யாரும் சீண்டுவதில்லை.

அது அப்படியொன்றும் பிரம்மவித்தை அல்ல. சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி. ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. அடுத்தடுத்த இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுங்கள். நான்கு என்றால் நாடி 75. சீராகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

முதலில் வரும் சின்ன மேடு ‘பி’: வலது மேலறையில் கிளம்பிய மின்சாரம் இரண்டு மேலறைகளிலும் பரவுகிறது. பிறகு கோடு கொஞ்சம் சும்மா இருக்கும். மேலறை ரத்தம் கீழே இறங்கி முடியட்டும் என்று ஏ.வி. கணு மின்சாரத்தை வாசலில் நிறுத்திவைக்கும் நேரம் அது. எனக்கு மிகவும் பிடித்த இடம். அடுத்து ஊசியாக எழும் ‘க்யூஆர்எஸ்’ கீழறைகளுடையது. அவை பழைய நிலைக்குத் திரும்புவது ‘டி’ மேடு. எஸ்ஸுக்கும் டிக்கும் இடையில் கோடு தரைக்கு இறங்காமல் தூக்கி நின்றால் டாக்டரின் முகம் மாறும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுதாக அடைத்திருக்கலாம்.

அந்தத் தூக்கலை யார், எத்தனை சீக்கிரம் பார்க்கிறார்கள் என்பதில்தான் உயிர். 1905-லேயே லெய்டன் நகரில், இசிஜி மெஷினை உருவாக்கிய ஐந்தோவன், நகர்த்த முடியாத தன் ராட்சத மெஷினுக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்தார். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லாசாரியும் நடத்திய ஆய்விலும் இதே தந்திரம்தான்: சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த இசிஜி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள், ஏற்பாட்டுக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2.

பார்க் நண்பரின் ‘நார்மல்’ பத்து நொடிக்குத்தான் சாட்சி. நெஞ்சுவலி இருக்கும்போது எடுத்ததும், விட்டபிறகு எடுத்ததும் ஒன்றல்ல. வலியோடு போனால் நார்மல் வந்தாலும் சற்று நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், எரிச்சல்படாதீர்கள். “பழைய இசிஜி இருக்கா?” என்று டாக்டர் கேட்பதும் ஒப்பிடத்தான்.

அப்பாவுக்கு அப்படிக் கேட்டபோது, பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். வெப்பத்தாள் ஆயிற்றே. இளஞ்சிவப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன, கோட்டைக் காணோம். இப்போதெல்லாம் எடுத்த கையோடு ஒரு ஜெராக்ஸ்.