கணவர் போட்ட கையெழுத்து

பிரசவமாகி நாற்பது நாள் கழித்து டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தபோதுதான், தன் உடம்பில் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி இருப்பதே என் தங்கைக்குத் தெரிந்தது. விசாரித்தால், "அட்மிஷன்லயே உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார்கள்.

அந்தக் கையெழுத்து செல்லாது. பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்காகக் கணவரோ மாமியாரோ சம்மதம் சொல்ல முடியாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே நின்ற தாயிடம் கேட்டுவிட்டு அகற்றிய வழக்கு அது. உடனடி உயிராபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் போதாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்கு ஆகாது என்றது தீர்ப்பு.

ரத்தப்போக்கு நிற்காமல் தாய் நினைவிழந்து கிடந்தால் மருத்துவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. காப்பர்-டி அப்படிப்பட்ட அவசரம் அல்ல.

கேட்காமல் செய்யப்படுவது காப்பர்-டி மட்டுமல்ல. குழந்தை வெளிவரும் வழியை வெட்டித் தையல் போடுவதை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம், வயிற்றை மேலிருந்து அமுக்கவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. ஆனாலும் முழங்கையால் அமுக்கியதைச் சொல்லி இன்றும் கண்கலங்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் எட்டாம் மாத செக்கப்பிலேயே பேசிவிடுங்கள். வலி எடுத்த பிறகு வாதாடத் தெம்பிருக்காது. "காப்பர்-டி வேண்டாம்" என்றால் கேஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் எந்தச் சிகிச்சைக்கு என்ற இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் கூட இருக்கலாம். துணிந்து கேள்வி கேட்கக்கூடியவராகப் பார்த்து அழைத்துப் போங்கள்.

தங்கை காப்பர்-டியை எடுக்கப் போன இடத்திலும், "வீட்டுக்காரர் சரின்னாரா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம். கணவரின் அனுமதி தேவையே இல்லை.

சம்மதமின்றி ஏதாவது நடந்திருந்தால், முதலில் மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அதை வைத்து தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பணம் கட்டிய மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அரசு மருத்துவமனை என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதுங்கள்.