உதிர்ந்த முடி சாட்சி சொல்லுமா?

1989-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மதுக்கடைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடையில் கிடைத்த சிறு முடித்துண்டை நுண்ணோக்கியில் ஒப்பிட்ட நிபுணர், அது குற்றம் சாட்டப்பட்ட கிளாட் ஜோன்ஸின் முடியுடன் பொருந்துவதாகச் சாட்சியம் சொன்னார். டி.என்.ஏ. சோதனை வேண்டும் என்று ஜோன்ஸ் தரப்பு கேட்டும் பலனில்லை. 2000-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2010-ல் சோதித்தபோது அது ஜோன்ஸின் முடி அல்ல, கொல்லப்பட்டவரின் முடியோடு பொருந்துகிறது என்று தெரிந்தது. ஜோன்ஸைக் குற்ற இடத்தோடு பிணைத்த ஒரே பௌதிகச் சான்று அந்த முடிதான். இதை எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

வேரில்லாத இத்தகைய முடித்துண்டில் டி.என்.ஏ. கிடைப்பது ஏன் கடினம்? முடி வளர வளர அதன் செல்கள் கெரட்டினால் நிரம்பி இறுகி இறந்துவிடுகின்றன. அப்போது உட்கரு டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது, வழக்கமான சோதனைக்கு அந்தத் துண்டுகள் போதாத அளவுக்குக் குட்டையானவை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. செல்லுக்கு நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் கொஞ்சமாவது தப்பிக்கிறது.

அது தாய்வழி மட்டுமே வருவது. ஒரு தாயின் பிள்ளைகள் அனைவருக்கும், தாய்வழிப் பாட்டிக்கும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே பொருந்தவில்லை என்றால் ஒருவரை விலக்கலாம். பொருந்துவதால் மட்டுமே ‘இவர்தான்’ என்று சொல்ல முடியாது. முடியைத் தொட்டவரின் டி.என்.ஏ. ஒட்டியிருக்கவும் கூடும், அதனால்தான் ஆய்வகத்தில் முதலில் முடியின் மேற்பரப்பை நன்றாகக் கழுவுகிறார்கள்.

சிதைந்த உட்கரு டி.என்.ஏ. துண்டுகளையே சேகரித்துப் படிக்கும் முறையைக் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எட் கிரீன் உருவாக்கினார். வேரற்ற முடியிலிருந்தும் ஒரு தனிமனிதரை நெருங்க இப்போது வழி திறந்திருக்கிறது.