பொறியின் பொறுமை

இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிட்பயர், லங்காஸ்டர் முதலிய விமானங்களை வானில் செலுத்திய ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில், 12 சிலிண்டர்களும், சிலிண்டருக்கு இரண்டாக 24 ஸ்பார்க் பிளக்குகளும் இருந்தன. 27 லிட்டர் கொள்ளளவும் ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேற்பட்ட ஆற்றலும் படைத்த அம்மகா யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தரம், அதாவது மணிக்கு 90,000 தரம் பொறி உதிர்த்தாக வேண்டும். இந்தச் சிறு பொருள் அத்தனை உழைப்பையும் தாங்குமா என்பதை விமானம் தரையைவிட்டு எழுமுன்பே நிச்சயித்துக்கொள்வது, உயிர்களைக் காக்கும் காரியமாகவே இருந்தது.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் சாய்த்துப் பிடித்து, நீலப் பொறி தாவுகிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆயினும், திறந்த வெளியில் எளிதாகத் தாவும் பொறி, பிஸ்டன் நெருக்கிய வாயுவினூடே அவ்வளவு எளிதில் தாவுவதில்லை. அழுத்தம் ஏற ஏற அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. ஆகையால், அழுத்திய காற்று நிரம்பிய ஒரு சிறு கலத்தில் பிளக்கைப் பொருத்தி, கண்ணாடிச் சாளரத்தின் வழியே பொறியை நோக்கும் சோதனை ஏற்பட்டது.

இதனினும் கடுமையானது உஷ்ணப் பரீட்சை. பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே குளிர்ந்து கிடந்தால், அதில் கரி படிந்து, மின்சாரம் அக்கரியின் வழியே கசிந்துவிடும். 900 டிகிரியளவுக்குச் சூடேறினாலோ, நுனியே கொள்ளிபோல் கனன்று, பொறி பிறக்குமுன் எரிபொருளைப் பற்றவைத்துவிடும். இந்த அகால எரிப்பு பிஸ்டனையே உருக்க வல்லது. ஆதலால், ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் பிளக்கை மாட்டி, உள்ளே செலுத்தும் காற்றின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த எல்லையில் அகால எரிப்பு தொடங்குகிறது என்று கண்டு, அதைக் கொண்டே பிளக்குகளைத் தரம் பிரித்தார்கள்.

ஆனால் உச்ச உஷ்ணத்தைத் தாங்கிய பிளக்கும் மந்த வேகத்தில் தோற்றுப்போவதுண்டு. விமானப் பெட்ரோலில், எஞ்சின் தட்டாமலிருக்கக் கலந்த ஈயச் சேர்மம், நெடுந்தூரப் பயணத்தில் எஞ்சின் சிக்கனமாக ஓடுங்கால் பிளக்கின் நுனியில் படிந்து பொறியை அவித்தது. விமானிகள் அவ்வப்போது எஞ்சினை வேகமாக ஓட்டி அப்படிவை எரித்து நீக்க வேண்டியிருந்தது. மோட்டார்ப் பந்தய வீரரான கெனெல்ம் லீ கின்னஸ் தம் கே.எல்.ஜி. பிளக்குகளுக்குக் காப்புப் பொருளாகக் கையாண்டது காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகம். அதுவும் ஈயத்தின் தாக்குதலுக்கு இலக்கானமையால், அலுமினியம் ஆக்ஸைடைச் சுட்டு இறுக்கிய பீங்கான் அதனிடத்தைப் பெற்றது.

ஆகவே, பிளக்கின் ஆயுளை அறியும் பரீட்சையில் முழு வேகத்துக்கும் மந்த வேகத்துக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து அணுவளவு உலோகத்தைக் கவர்ந்து செல்லுமாகையால், பல மணி நேர ஓட்டத்துக்குப் பின் இடைவெளி எவ்வளவு அகன்றிருக்கிறது என்றும் அளந்து பார்ப்பார்கள். இறுதியில் நுனியின் நிறமே தீர்ப்புக் கூறும்: உலர்ந்த இளம்பழுப்பு ஆரோக்கியத்துக்கும், கரிய படிவு குளிர்ச்சிக்கும், வெளுத்துக் கொப்புளித்த பீங்கான் மிகு வெப்பத்துக்கும் அடையாளம். நம் வீட்டு மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கின் கண் தேடுவதும் இவ்வடையாளங்களையே.