மாணவர் செய்யும் செயற்கைக்கோள்

சென்னையை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற காலத்தில், தாழப் பறந்து தாக்கும் போர்விமானம் ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு அவரிடமும் சக மாணவர் நால்வரிடமும் ஒப்படைக்கப்பட்ட செய்தியை அவருடைய சுயசரிதையான ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் அறிவார்கள். வேலையின் நிலை கண்டு அதிருப்தியுற்ற பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாட்களில் படம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்று கண்டித்ததும், கலாம் ஊணுறக்கம் பாராமல் உழைத்து முடித்ததும் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகின்றன. அந்தக் கெடுவைவிட என் சிந்தையை அதிகமாக ஈர்ப்பது வேலை பங்கிடப்பட்ட விதம். காற்றியக்க வடிவம் கலாமின் பொறுப்பு. உந்துவிசை, சட்டகம், கட்டுப்பாடு, கருவிகள் ஆகியன நண்பர்களின் பொறுப்பு. வெளிவடிவம் முடிவாகாத வரையில் காற்று எவ்வளவு எதிர்க்கும் என்பது தெரியாது. அது தெரியாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க இயலாது. எஞ்சினின் எடை தெரியாமல் அதைத் தாங்கும் சட்டகத்தைக் கணக்கிடவும் இயலாது. ஒருவர் தாமதித்தால் நால்வர் காத்திருக்க நேர்கிற இந்தச் சங்கிலிதான், பல துறை மாணவர் கூடிச் செய்யும் ஆராய்ச்சியின் கடினமான பாகம் என்றும், அவர்கள் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய பாகமும் அதுவே என்றும் நான் கருதுகிறேன்.

அதே எம்.ஐ.டி. வளாகத்தோடு சம்பந்தப்பட்டதுதான் ‘அனுசாட்’. அண்ணா பல்கலைக்கழகம் இஸ்ரோவின் துணையோடு உருவாக்கிய, 40 கிலோ எடையுள்ள இந்தச் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிச் சென்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதற் செயற்கைக்கோள் அதுவே. அடுத்த ஆண்டு ஜூலையில், பெங்களூர், ஹைதராபாத் நகரங்களைச் சேர்ந்த ஏழு பொறியியற் கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து செய்த, ஒரு கிலோவுக்கும் குறைவான ‘ஸ்டட்சாட்’ விண்ணை அடைந்தது. 2011 அக்டோபரில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் கோளும், கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களின் ‘ஜுக்னு’வும் ஒரே ராக்கெட்டில் சென்றன.

உலகெங்கும் மாணவர்களுக்கு இந்த வாசலை அகலத் திறந்துவிட்டவர்கள் அமெரிக்கப் பேராசிரியர் இருவர்: கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரி, ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸ். ஒரு மாணவன் தன் படிப்புக் காலத்துக்குள்ளேயே ஒரு செயற்கைக்கோளை வடிவமைத்து, செய்து, சோதித்துப் பார்க்கும்படியாக அது சிறிதாயிருக்க வேண்டும் என்று எண்ணி, 1999இல் அவர்கள் வகுத்த அளவு, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். ‘கியூப்சாட்’ என்பது அதன் பெயர்.

உள்ளங்கையில் வைத்துக்கொள்ளத்தக்க அந்தப் பெட்டிக்குள் எத்தனை துறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பூமிக்கருகே, சூரியனை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,360 வாட் ஒளி விழுகிறது. பெட்டியின் ஒரு முகமோ சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே அதற்குக் கிடைப்பது 13 வாட் சொச்சம். மிக உயர்ந்த ரகச் சூரியத் தகடுகளும் அதில் மூன்றில் ஒரு பங்கையும் முழுதாக மின்சாரமாக்க மாட்டா. தேறுவது நான்கு வாட். கோள் சுமார் 97 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பூமியின் நிழலில் கழிந்துவிடும் ஆதலால், அந்த நான்கு வாட்டிலிருந்தே பாட்டரிக்கும் சேமித்தாக வேண்டும். ரேடியோக்காரருக்கு ஒரு பங்கு, கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு பங்கு, ஆராய்ச்சிக் கருவிக்கு ஒரு பங்கு என்று பிரிக்கத் தொடங்கும்போதுதான், தம் பாடப்புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒரு வினாவை மாணவர்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்: நான் கேட்பதில் எவ்வளவு எனக்கு உண்மையிலேயே தேவை?

இதைக் காட்டிலும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சிறு கோள்கள் விண்வெளியில் தம் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் செம்புக் கம்பிச் சுருள்களை நாடுகின்றன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, பூமியின் காந்தப்புலத்தை எதிர்த்துக் கோளை மெல்லத் திருப்பும். எந்தச் சுருளுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்று நிர்ணயிக்க, பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் மானி ஒன்றும் அதே பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறது. சுருள் வேலை செய்யும்போது பக்கத்திலிருக்கும் மானி பூமியின் காந்தத்தை அளக்குமா, சுருளின் காந்தத்தை அளக்குமா? இரண்டையும் சேர்த்தே அளந்துவிடும். மானியைத் தூர வைக்கலாம் என்றால் 10 சென்டிமீட்டருக்குள் தூரம் ஏது? ஆகவே சுருளைச் சற்று நிறுத்தி, அந்த இடைவெளியில் அளந்து, பிறகு மீண்டும் ஓட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள். சுருளின் காந்தம் முற்றிலும் அடங்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகும் என்று எலக்ட்ரிகல் மாணவி அளந்து சொல்ல வேண்டும். அந்த முறைவைப்பைப் பிசகாமல் காக்கும் புரோகிராமைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் எழுத வேண்டும். திருப்பும் விசை இடைவிடாமல் கிடைக்கும் என்று நம்பித் தன் சமன்பாடுகளை எழுதிவைத்த ஏரோநாட்டிகல் மாணவனோ, அவற்றை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். இம்மூவரில் எவருடைய கணக்கும் தவறானதல்ல. பிரச்சினை மூவருக்கும் நடுவே, எவருடைய பாடத்திட்டத்திலும் சேராத நிலத்தில் பிறந்தது.

எடை விஷயத்தில் நேரும் தொல்லை மனித சுபாவத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குழுவும், பின்னால் சங்கடம் வரக்கூடாதென்று, தன் பாகத்தின் எடையைச் சற்றுக் கூட்டியே சொல்லும். எல்லாரும் அவ்வாறு மறைத்து வைத்துக்கொண்டால் மொத்தம் வரம்பைத் தாண்டிவிடும். உண்மையில் இடமிருந்தும், இல்லையென்று எண்ணி நல்ல கருவி ஒன்றைக் கைவிட நேரும். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பொதுவில் ஒருவரிடம் ஒப்படைப்பதே சரியான முறை. சொல்வது எளிது; ஆனால் தன் அறியாமையையும் பயத்தையும் வேறு துறையாருக்கு முன்னால் எண்களாக விரித்து வைக்க இருபது வயதில் பெரும் துணிவு வேண்டும்.

காலமும் எதிரியாக நிற்கும். பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007ஐ ஒட்டித் தொடங்கிய ‘பிரதம்’ என்ற 10 கிலோ கோள், 2016 செப்டம்பர் 26 அன்றுதான் ஏவப்பட்டது. தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போனபின், சீனியரிடமிருந்து ஜூனியருக்கென்று தலைமுறைகள் பல கைமாறி அது நிறைவேறியிருக்கிறது. இப்படிப்பட்ட வேலையில், இந்த ஸ்குரூவை ஏன் இங்கே வைத்தோம், அந்தப் பாகத்தை ஏன் நிராகரித்தோம் என்று காரணத்தோடு எழுதி வைக்கப்பட்ட நோட்டுப் புத்தகம், கருவிகளுக்குச் சமமான சொத்து. நம் கல்லூரிகளிலோ, கடைசி செமஸ்டரின் அவசரத்தில் பைண்டிங் செய்து வைவாவுக்கு முன் ஒப்படைக்கப்படும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை அடுத்த ஆண்டு மாணவன் புரட்டிப் பார்க்கும் வழக்கமே அருகிவிட்டது. இரு துறை மாணவர் சேர்ந்து ஒரு பிராஜெக்டைச் செய்யவும், இரு துறைப் பேராசிரியரும் கூடி உட்கார்ந்து அதற்கு மதிப்பெண் இடவும் விதிகள் தாராளமாக இடங்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பிரதம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் கவனிக்கத்தக்கது. வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்களைக் கடந்து வரும்போது ரேடியோ அலையின் அதிர்வுத் தளம் சற்றே திரும்புகிறது. எவ்வளவு திரும்பியது என்று தரையில் அளந்தால், வழியில் எத்தனை எலெக்ட்ரான்கள் இருந்தன என்று கணிக்கலாம். ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்த இது உதவும். கோள் ஒன்றாயினும் அளக்கும் இடங்கள் பலவாக இருந்தால்தான் பலன் அதிகம். ஆதலின் வேறு கல்லூரிகளும் தரைநிலையம் அமைத்து இதில் பங்குகொள்ள அழைக்கப்பட்டன.

செயற்கைக்கோள் செய்யப் பணமோ வசதியோ இல்லாத மாவட்டக் கல்லூரிக்கு இந்தத் தரைநிலையமே நல்ல ஆரம்பம். அலுமினியக் குழாய்களை அளந்து வெட்டி ஒரு யாகி ஆன்டெனாவை மாணவர்களே செய்துவிடலாம். கம்ப்யூட்டரில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர் இன்று மலிவாகவே கிடைக்கிறது. கோள் தலைக்குமேல் கடப்பதோ பத்து நிமிஷ அளவுதான். அதற்குள் அதன் வேகத்தால், அது அனுப்பும் 437 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் ஏறியும் இறங்கியும் நழுவும். அந்த நழுவலை இயற்பியல் மாணவி முன்கூட்டிக் கணக்கிட, அதன்படி ரிசீவரைத் திருத்தும் புரோகிராமை ஒருவர் எழுத, காற்றில் ஆடாத கம்பத்தை சிவில் மாணவன் மொட்டை மாடியில் நிறுத்தித் தர, மெக்கானிக்கல் மாணவன் ஆன்டெனாவைக் கோளின் பின்னாலேயே திருப்பும் மோட்டாரை அமைத்துக் கொடுக்க வேண்டியதுதான்.